சத்தத்த யாரு சாப்பிடறா?

மாப்ள,

சௌக்கியமா? உன் லெட்டர் வந்து ஒரு மாசமாச்சு, திட்டாத. தென்னந்தோப்பு மோட்டாரோட காயில் ரெண்டு தடவ எரிஞ்சு போச்சு, அதுலயே அலைஞ்சேன். நடுவுல பாலக்காட்டுச் சித்தூர் கொங்கன்படைத் திருவிழாவுக்குப் பொண்ணு வந்திருந்தா. கொங்குப்படைய தொரத்துன கதைய கொங்குக்காரன் நானே போயி வேட்டு பாத்துக் கைதட்டிட்டு வர்றேன், அந்தக் கூத்து வேற.

பாப்பா என்னதான் ஆராய்ச்சி பண்றான்னு கேட்டிருந்தியே. உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் எப்படி நடந்துக்குதுன்னு அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாக்கறாளாம். நான் வயித்து ஸ்கேன்னு நெனச்சேன், சிரிச்சா. சுத்தமான உலோகத் துண்டுல மின்சாரம் குடுத்தா அதிர்ற ஒரு குவார்ட்ஸ் சில்ல ஒட்டி, 10 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு கோடி அதிர்வு மாதிரி ஒரு சத்தத்த கண்ணிமைக்கறதுக்குள்ள தட்டி விடறது, அது அந்தப் பக்கம் மோதி எதிரொலியா திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்ல, அந்தத் தேய்மானத்த அளக்கறதுதான் மொத்த வேலையே. எங்கம்மா பாத்திரக்கடைல அண்டாவ சுண்டிப் பாத்து வாங்குமே, அதானேன்னேன், கிட்டத்தட்டன்னு ஒத்துக்கிட்டா.

குளிர வெச்சா சத்தம் நல்லாப் போகும்னுதான நாம நெனப்போம்? செம்பு மாதிரி சுத்தமான உலோகத்த திரவ ஹீலியம் ஊத்தி -269 டிகிரிக்குக் கொண்டுபோனா எலக்ட்ரானுங்க எதுலயும் முட்டாம ரொம்ப தூரம் ஓடுதாம், சத்தத்தோட சக்திய அதுங்கதான் அள்ளிட்டுப் போயிருது, எதிரொலி சீக்கிரமே செத்துருது. ஆனா ஈயம் -266 டிகிரி பக்கமே சூப்பர்கண்டக்டர் ஆயிரும், அதாவது மின்சாரம் தடையே இல்லாம ஓடும், 1954ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல பாம்மெல்னு ஒருத்தர் பாத்தப்ப அங்க தேய்மானம் சட்டுனு கொறஞ்சிருச்சு. ஏன்னு 1957ல பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூணு பேரும் கணக்கு போட்டுச் சொன்னாங்க. எலக்ட்ரானுங்க ஜோடி சேந்துருது, ஜோடியப் பிரிக்க இவ்ளோன்னு ஒரு விலை இருக்கு, சத்தத்துக்கிட்ட அவ்ளோ காசு இல்ல. அப்ப ஒரேயடியா நின்னுரும்னேன், "இல்லப்பா, ஜோடி சேராததும் மிச்சம் இருக்கும், குளிரக் குளிரத்தான் கொறையும்"னு எனக்கே பாடம் எடுத்தா.

காந்தம் வெச்சா எலக்ட்ரான் வட்டமடிக்குமாம், வட்டத்தோட அளவு சத்தத்தோட அலைநீளத்துக்கு எப்படிப் பொருந்துதோ அதுக்கேத்த மாதிரி தேய்மானம் ஏறி எறங்கும், அத வெச்சு எலக்ட்ரானோட உந்தத்தையே அளந்துரலாமாம். கண்ணுல படாததுக்கு டேப் புடிக்கறாங்க பாரு!

மே மாசம் மறுபடி வர்றா, நீயும் வா, மிச்சத்த அவகிட்டயே கேளு. வேலந்தாவளம் தாண்டுனதும் போன் போடு. கள்ளு வாங்கி வெக்கறேன், பொண்ணு முன்னாடி முடியாது, தோப்புக்குப் போயிரலாம்.

இப்படிக்கு
கொழிஞ்சாம்பாறைக்காரன்