தீயன்று போனில் இருந்த அண்ணனுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவில் உம்சிண்டோ ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்திலிருந்து ஜூலு மக்களின் பொது நிலத்துக்குத் தீ தாவிய அன்று, நகராட்சிக்கும் ஊர்த்தலைவரான இந்துனாவுக்கும் மாறி மாறிப் போன் பேசிய அண்ணா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. குளிர்கால முடிவில் உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று யாருக்கும் அவகாசம் தராது. எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பாதையில் வண்டி ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதை ஜூலுவில் கேட்டுத் தீயணைப்புக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அப்புறம் எங்கள் அம்மாவுக்குத் தமிழில் தைரியமும் சொன்னீர்கள்!

இந்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் புல்வெளி, காட்டுத் தீச் சட்டப்படி நில உரிமையாளர்கள் எல்லையில் தீத்தடுப்புப் பட்டை (தீ தாவாதபடி புல், செடி அகற்றிய நிலத்துண்டு) போட வேண்டும், சேர்ந்து தீப்பாதுகாப்புச் சங்கமும் அமைக்கலாம். எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு இந்துனாவையும் கட்டாயம் அழைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள், அண்ணா. மிக்க நன்றி.