பாப்பாவின் முன்பல்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகு போக ஆரம்பித்துவிட்டது, வஞ்சிரம் வாங்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். பாப்பாவின் பிறந்தநாள் போட்டோ எல்லாம் பார்த்தேன். பாவாடை சட்டை அத்தனை கச்சிதம், மருமகளே தைத்தாளாமே. வேலைக்கும் போய்க்கொண்டு எப்படித்தான் முடிகிறதோ அவளுக்கு. எல்லாப் போட்டோவிலும் பாப்பா உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள். ஒன்றில் மட்டும் கொஞ்சம் சிரித்திருக்கிறாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் வரிசை முன்பல் நாலிலும் ஈறை ஒட்டி ஒரு கோடு ஓடுகிறது. மே லீவில் இங்கே வந்திருந்தபோது அது சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக இருந்தது. இப்போது நடுப்பல் இரண்டிலும் பழுப்பு ஏறியிருக்கிறது.

அன்றைக்கு நான் சொன்னதும் மருமகள் முகம் வாடிவிட்டது. அதன் பிறகு எப்போது வீடியோ கால் போட்டாலும் பாப்பா தூங்குகிறாள் என்றே பதில் வருகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பல் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் அத்தனை வருஷம் நின்றவள், பேத்திக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

முதலில் ஒன்று. இது உங்கள் ஊர்த் தண்ணீரால் வந்த கறை இல்லை, ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குவதால் வருகிற சொத்தை. தண்ணீரில் ஃப்ளோரைடு மிஞ்சினால் வருகிற கறை பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேல் முளைக்கிற நிலைப்பல்லில்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல் முழுக்கக் குறுக்குக் கோடாகவோ திட்டாகவோ பரவியிருக்கும். பாப்பாவுக்கு இருப்பது ஈறோரத்தில் மட்டும். கீழ் முன்பல்லைப் பார், பளிச்சென்று இருக்கும். பாட்டில் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கே ஊறிக்கொண்டே இருக்கிறது. பால் தேங்குவது மேல் நாலு பல்லைச் சுற்றித்தான். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், கழுவ ஆளில்லை. வாயிலிருக்கிற கிருமி அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது, அமிலம் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. வெள்ளைக் கோடு என்பது கரைய ஆரம்பித்ததற்கு அடையாளம். அந்தக் கட்டத்தில் திருப்பிவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தால் தானாக மூடாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

ஆகவே ராத்திரிப் பாட்டிலை நிறுத்த வேண்டும். ஒரேயடியாகப் பிடுங்கினால் பாப்பாவும் தூங்க மாட்டாள், நீங்களும் தூங்க மாட்டீர்கள். முதலில் சர்க்கரையை நிறுத்து. கருப்பட்டி, தேன், சத்துமாவு டப்பாப் பவுடர் எல்லாமும் பல்லுக்குச் சர்க்கரைதான். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பாலில் தண்ணீரைக் கால் பங்கு கால் பங்காகக் கூட்டு. கடைசியில் வெறும் தண்ணீர் ஆகிவிடும், அவளே பாட்டிலை விட்டுவிடுவாள். பகலில் பாலைக் குறைக்க வேண்டாம், டம்ளரில் கொடு. ராத்திரி சாப்பாட்டோடு பால், அப்புறம் பல் தேய்ப்பது, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு ராத்திரி பசிக்குமே என்று மருமகள் பயப்படுவாள். சாப்பாடு சரியாகப் போனால் பசிக்காது.

இனி பேஸ்ட். "எங்க ஊர் தண்ணியிலேயே ஃப்ளோரைடு ஜாஸ்தி அத்தே" என்று ஃப்ளோரைடு இல்லாத பேஸ்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். அவள் பயம் நியாயமானதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. 2013ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே குடிநீரோடு ஃப்ளோரோசிஸ் குறைப்பும், அதாவது ஃப்ளோரைடு மிஞ்சி வருகிற பல், எலும்புக் கோளாறைக் குறைப்பதும், சேர்ந்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பார். 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. அரிசி அளவு பேஸ்ட் சுமார் 0.1 கிராம். பாப்பா அதை முழுக்க விழுங்கினாலும் போவது 0.1 மில்லிகிராம்தான். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. போர் தண்ணீரில் அது 3 ஆக இருந்தால் ஒரு லிட்டரிலேயே 3 மில்லிகிராம் உள்ளே போகும். மாற்ற வேண்டியது தண்ணீரை, பேஸ்டை இல்லை. வயிற்றுக்குள் போகிற ஃப்ளோரைடு ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற பல்லைக் கெடுக்கும். பல்லின் மேல் படுகிற ஃப்ளோரைடு கரைந்ததை மறுபடி கெட்டியாக்கும். இரண்டும் வேறு வேறு.

நீங்கள் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா, வீட்டுக்காரர் போர் தண்ணீரா? மே மாதம் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. போர் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடு. ஃப்ளோரைடு எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்காதே. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி ஃப்ளோரைடு அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. மெஷின் குறைக்கும். எத்தனையோ பேருக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கிற இன்ஜினியர் நீ, வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க உனக்கு ஒரு காலை நேரம் கிடைக்காதா?

பேஸ்ட் டியூபின் பின்பக்கம் 1000 பிபிஎம் என்று போட்டிருப்பதாக வாங்கு. மூன்று முடிந்துவிட்டதால் பட்டாணி அளவு வைக்கலாம் என்பார்கள். பாப்பா துப்பப் பழகும் வரைக்கும், தண்ணீர்க் கணக்கு தெரியும் வரைக்கும் அரிசி அளவே போதும். தேய்த்த பிறகு துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்காதே. கொப்பளித்தால் மருந்தெல்லாம் வாஷ்பேசினில் போய்விடும். உன் அத்தை கொடுத்தனுப்பிய சிவப்புப் பல்பொடி வேண்டவே வேண்டாம். அது பல்லை உராய்ந்து தேய்க்கும்.

தேய்க்கிற விதத்தை நன்றாகக் கவனி. பாப்பா கையில் பிரஷைக் கொடுத்துவிட்டு "தேய்ச்சுட்டாளே" என்று சொல்வது தேய்ப்பது ஆகாது. ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். தரையில் உட்கார்ந்து அவள் தலையை உன் மடியில் சாய்த்துக்கொள். இடது ஆள்காட்டி விரலால் மேலுதட்டைத் தூக்கு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், பிரஷ் அதில் இடித்தால் சுருக்கென்று வலிக்கும். பல குழந்தைகள் பிரஷைக் கண்டாலே அழுவது அதனால்தான். அந்தச் சவ்வை விரல் நுனியால் மறைத்துக்கொள். பிரஷ் நார் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படுகிற மாதிரி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்று. அந்தக் கோடு இருக்கிற இடம்தான் முக்கியம், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம், நாக்குப் பக்கம். மொத்தம் இரண்டு நிமிஷம், காலையும் ராத்திரியும். ஒரு வேளை தப்பினால் காலை தப்பட்டும், ராத்திரி தப்பக் கூடாது. நார் விரிந்துவிட்டால் மூன்று மாதம் ஆகாவிட்டாலும் மாற்று.

ராத்திரி தேய்ப்பது உன் பொறுப்பாக இருக்கட்டும். மருமகள் ஸ்கூல் விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது குழந்தை சொக்கிவிடும். அந்த நேரத்தில் பாட்டிலைக் கொடுத்துத் தூங்க வைத்தாள் என்றால் அது அவள் குறை இல்லை. நீ சாப்பிட்டதும் போனை எடுக்கிறாய். நீயும் தேய்க்காமல்தான் படுக்கிறாய், எனக்குத் தெரியும். உன் கடைவாய்ச் சொத்தையை இன்னும் அடைக்கவில்லை. அந்தக் கிருமி நீ ருசி பார்த்த அதே ஸ்பூனில் பாப்பா வாய்க்குப் போகிறது.

தின்பதில் எவ்வளவு என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு பட்டதும் அரை மணி நேரம் போல அமிலம் வேலை செய்யும். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொடுப்பது, ஒரே வேளையில் ஒரு ஜாங்கிரி கொடுப்பதை விட மோசம். பிஸ்கட் கடைவாய்ப் பல்லின் குழியில் அப்பிக்கொண்டு போகாது. நடுவில் பசித்தால் முட்டை, கொய்யா, வெள்ளரி, ஒரு இட்லி. இருமல் மருந்து, காய்ச்சல் மருந்திலும் சர்க்கரை உண்டு. ராத்திரி டோஸைப் பல் தேய்ப்பதற்கு முன்னால் கொடு.

"விழப்போற பல்தானே" என்று உன் மாமனார் சொன்னது காதில் விழுந்தது. முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டும். நடுவில் அதை எடுத்துவிட்டால் ஆறு வயதில் அதற்குப் பின்னால் முளைக்கிற நிலைப்பல் முன்னே சரிந்து இடத்தை அடைத்துவிடும், அப்புறம் வருகிற பல் கோணலாகத்தான் வரும். பால்பல் வேரில் சீழ் பிடித்தால் கீழே வளர்கிற நிலைப்பல்லிலும் தழும்பு விழலாம். அந்த ஆறு வயதுப் பல், எந்தப் பால்பல்லும் விழாமலேயே வருவதால் நிறையப் பேர் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். இப்போதே நினைவில் வைத்துக்கொள்.

டாக்டர் என்ன செய்வார் என்றும் சொல்கிறேன், பயம் போகும். வெள்ளையாக இருக்கிற இடத்துக்கு ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவார், ஒரு சில நிமிஷ வேலை, ஊசி கிடையாது. அன்று ராத்திரி மட்டும் தேய்க்க வேண்டாம். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி தடவ வேண்டும். சின்னக் குழி என்றால் அடைப்பார். பரவாமல் நிறுத்த எஸ்.டி.எஃப் என்று வெள்ளி கலந்த சொட்டு மருந்தும் உண்டு. வலிக்காது, ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்பதால் மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் மனம் உடைந்துபோவாள். நரம்பு வரை போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து மேலே மூடி போடுவார். "அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று யாரும் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

வலி என்றால் கிராம்புத் தைலம் ஊற்றாதே, குழந்தை ஈறு வெந்துவிடும். பாராசிட்டமால் ஒரு தடவைக்கு, அவள் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சிரப் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு, பாட்டிலைப் படித்துவிட்டுக் கொடு. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும்.

இந்த வாரமே அங்கே ஒரு குழந்தைப் பல் டாக்டரிடம் காட்டு. இல்லாவிட்டால் வெள்ளி ராத்திரி ரயில் ஏறுங்கள். சனிக்கிழமை காலையில் கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் நம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு நானே சீக்கிரம் போய் வரிசையில் நிற்கிறேன். பாப்பாவுக்குக் காலையில் சாப்பிடக் கொடுத்துக் கூட்டிவரலாம், முதல் நாள் பார்ப்பது மட்டும்தான். மருமகளும் வர வேண்டும், டாக்டர் சொல்வதை அவளே நேரில் கேட்கட்டும். அவளுக்கு நான் போன் பண்ணலாமா, இல்லை நீயே சொல்கிறாயா? அதை மட்டும் எனக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா