எடுத்த புரை திரும்ப வராது, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு சேலத்தில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கண் முகாம் நடத்துகிறவர்கள் ஏற்காடு மலையிலிருந்து வேனில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, மறுநாள் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கட்டுப் பிரித்த அன்றே வாசலில் நின்று, எதிர் எஸ்டேட் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியைக் கை நீட்டிக் காட்டினார்.

போன தை மாசம் காப்பிக்கொட்டையை முறத்தில் போட்டுப் பொறுக்கும்போது, நல்ல கொட்டையும் கறுப்புக் கொட்டையும் ஒன்றுபோலத் தெரிகிறது என்றார். ராத்திரியில் பஸ் விளக்கு பஞ்சு மாதிரி விரிகிறதாம். ஏற்காட்டில் எதுவும் மங்கலாகத் தெரிந்தால் பனி என்றுதான் தோன்றும், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா, "புரை மறுபடி வந்திருக்கும், இனி ஒன்றும் பண்ண முடியாது" என்று சொல்ல, அம்மா அதை நம்பி ஐந்து மாசம் வேலைக்கே போகாமல் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப்போய்க் காட்டினோம். எடுத்த புரை திரும்ப வரவே வராது என்றார் டாக்டர். புரையை எடுக்கும்போது, புது லென்ஸ் உட்கார்வதற்காகப் பின்பக்கம் இருக்கிற மெல்லிய உறையை அப்படியே விட்டுவைக்கிறார்கள். அதில் மிச்சமிருக்கும் செல்கள் வளர்ந்து, சில மாசமோ சில வருஷமோ கழித்துப் படலம் கட்டிவிடுகிறது. நிறையப் பேருக்கு வருவதுதானாம். யாக் லேசர் என்கிற ஒளிக்கதிரால் அந்த உறையின் நடுவில் ஒரு சின்ன வழி திறந்தார்கள், கத்தி இல்லை, கட்டு இல்லை, சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இதற்காகவா ஐந்து மாசம்!

ஆபரேஷன் முடிந்து கொடுத்த சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சொட்டு மருந்து எத்தனை வேளை, தலைக்கு எப்போது குளிக்கலாம், எல்லாம் இருக்கிறது. இந்தப் படலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்லா மங்கலும் இப்படிக் காத்திருக்கக்கூடியதும் இல்லை. ஆபரேஷன் ஆன சில நாளில் கண் வலித்து, சிவந்து, பார்வையும் இறங்கினால் அது உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும். மின்னல் வெட்டுவது போலிருந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் நிறையப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைத்தாலோ விழித்திரை விலகுகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும், அது வருஷம் கழித்தும் வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையே கெட்டிருக்கலாம், லென்ஸ் மாற்றியதால் அது சரியாகாது. இதையெல்லாம் பனி என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் கண்ணே போய்விடும்.

மலையிலிருந்து ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒருநாள் கூலி போய்விடும், கூட வருகிறவருக்கும் போய்விடும். அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். முகாம் நடத்துகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஏற்காட்டுக்கே வந்து, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அடுத்த வேனில் ஏறுகிறவர்களுக்காவது வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் இரண்டு வரி எழுதி, எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்