சலசார் எழுதியதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மெக்சிக அமெரிக்கப் பத்திரிகையாளர் ரூபென் சலசார் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் அவரைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று நெடுநாளாக நினைத்ததுண்டு. 1970 ஆகஸ்ட் 29 அன்று கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலம், அதைக் கலைக்கப் புகுந்த ஷெரீஃப் படை (மாவட்டப் போலீஸ்), விட்டியர் சாலையில் இருந்த சில்வர் டாலர் மதுக்கடை, உள்ளே உட்கார்ந்திருந்த சலசாரின் தலையில் பாய்ந்த கண்ணீர்ப்புகைக் குண்டு, சுட்ட அதிகாரி மீது வழக்கே போடாமல் விட்டது எல்லாமே கட்டுரையில் சரியாக வந்திருக்கிறது. ஆனால் அவர் என்ன எழுதினார் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. தலைப்பிலேயே அவரைப் 'போராளி' என்று போட்டுவிட்டீர்கள். எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

நான் பல வருடங்களாக லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஆர்ட்டீசியாவில் குடியிருக்கிறேன். அன்றைய ஊர்வலம் வந்து முடிந்த லகூனா பூங்காவுக்கு இப்போது சலசாரின் பெயர்தான். 2008இல் அவர் முகத்தோடு தபால்தலையும் வந்தது. பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் கட்டுரை ஒன்றையாவது படித்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அநியாயமாகச் செத்துப்போன எழுத்தாளர்களுக்கு இது பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது. சாவு அவ்வளவு பெரிதாக நின்று எழுத்தை மறைத்துவிடுகிறது.

சலசார் 1928இல் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸில் பிறந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் எல் பாசோவில் வளர்ந்தவர். 1955இல், இளம் நிருபராக இருந்தபோது, குடிகாரனைப்போல் நடித்துக் கைதாகி, சிறைக்குள் ஒரு நாள் இருந்து, பார்த்ததை அப்படியே எழுதினார். 1959இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் சேர்ந்தார். 1963இல் இந்த நகரத்து மெக்சிக அமெரிக்கர்களின் வாழ்க்கை பற்றி ஒரு தொடர் எழுதினார். இந்த ஜனங்களை அந்தப் பத்திரிகை உட்கார வைத்துப் பேச்சுக் கேட்பது அரிதாக இருந்த காலம் அது. பிறகு டொமினிகன் குடியரசு, வியட்நாம், மெக்சிகோ சிட்டி என்று சுற்றிவிட்டுத் திரும்பினார். 1970இல் கே.எம்.இ.எக்ஸ் என்ற ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் செய்தி இயக்குநர் ஆனார். டைம்ஸில் வாராந்தரப் பத்தி எழுதுவதை மட்டும் விடவில்லை. ஒரே நகரத்தைப் பற்றி ஒரு சாராருக்கு ஆங்கிலத்திலும் இன்னொரு சாராருக்கு ஸ்பானிய மொழியிலும் ஒரே மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஆரஞ்சு கவுண்டியில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு நடுத்தர வர்க்க வாழ்க்கை வாழ்ந்தவர். தன்னை நிருபர் என்றே கருதினார். அன்று அந்தத் தெருவுக்குப் போனதும் செய்தி சேகரிக்கத்தான். அவரை நிருபராகவே விட்டுவைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

சரி, அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதும் கட்டுரையில் இல்லை. என்னைக் கேட்டால் சொல்ல வேண்டிய கதையே அங்கேதான் இருக்கிறது.

1981இல் டைம்ஸ் ஒரு பெரிய கட்டுரை போட்டது. நகரின் உள்பகுதிகளிலிருந்து கிளம்பும் கொள்ளைக்காரர்கள் வசதியான புறநகர்களில் புகுந்து வேட்டையாடுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். கறுப்பின மக்களும் லத்தீனோக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வாழும் தெருக்கள் மொத்தத்தையும் திருடர் குகையாகக் காட்டிய எழுத்து அது. அதே அலுவலகத்தில் வேலை பார்த்த லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும் கொதித்துப்போனார்கள். அந்தக் கட்டுரைக்காகவும் இன்னும் பலவற்றுக்காகவும் பத்திரிகை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020 செப்டம்பரில்தான். ஆனால் உள்ளே இருந்த லத்தீனோ நிருபர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நம் ஜனங்களைப் பற்றி நாமே எழுதுகிறோம், இடம் கொடுங்கள் என்று நின்றார்கள். 1983 கோடையில் 27 கட்டுரைகள் கொண்ட தொடர் வந்தது. பொறுப்பாசிரியர்களாக இருந்தவர்கள் ஃபிராங்க் சோட்டோமாயோரும் ஜார்ஜ் ராமோஸும். ஆசிரியர்கள், நிருபர்கள், புகைப்படக்காரர்கள் எல்லோருமே லத்தீனோக்கள். மறு வருடம் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு, பொதுச்சேவைப் பிரிவில், அந்தத் தொடருக்குக் கிடைத்தது.

பொதுச்சேவைக்கான புலிட்சர் என்றால் ஊழலை வெளிக்கொண்டு வந்ததற்குக் கொடுப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இவர்களோ ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்று எழுதினார்கள். ஜார்ஜ் ராமோஸ் தான் வளர்ந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களுக்குத் திரும்பிப் போய் எழுதினார். தாதா கும்பல்களைப் பற்றி மட்டுமே செய்தி வந்துகொண்டிருந்த இடத்தில் தன் வீட்டையும், அக்கம்பக்கத்தையும், அங்கிருந்து மேலே வந்தவர்களையும், வரமுடியாமல் போனவர்களையும் வைத்தார். அணியில் இருந்த புகைப்படக்காரர் ஹோசே கால்வெஸ் அரிசோனாவின் டூசானைச் சேர்ந்தவர். சிறுவனாக ஷூ பாலிஷ் பெட்டியோடு ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்குள் நுழைந்தவர், பிறகு அடகுக்கடையில் கேமரா வாங்கி அதே தொழிலுக்கு வந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இருப்பவர்கள் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்பதில்லை. உறவுக்காரப் பையன் வந்து எடுப்பதுபோல் இயல்பாக இருக்கிறார்கள்.

அப்புறம் ஃபிராங்க் டெல் ஓல்மோ. சலசார் கொல்லப்பட்ட அதே 1970இல் டைம்ஸில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தவர். 1983 தொடரிலும் இருந்தவர். 1994இல் ஆவணங்கள் இல்லாத குடியேறிகளுக்குப் பள்ளியும் அவசரமல்லாத மருத்துவமும் கூடாது என்று கலிபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதை ஆதரித்த ஆளுநரின் மறுதேர்வுக்கு டைம்ஸ் ஆதரவு தெரிவித்தபோது ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனார் டெல் ஓல்மோ. கடைசியில் அதே பத்திரிகையிலேயே தன் மறுப்பை எழுதினார். இது பலருக்குத் தெரியும். நான் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. அவருடைய சிறு மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸை ஒட்டி, அந்தப் பையனைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தார். அரசியல் எழுதுபவர் தன் வீட்டுக் கவலையை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கலாம். அதே கவலையோடு வாய் திறக்காமல் இருந்த எத்தனையோ பெற்றோர் அந்தப் பத்திக்காகக் காத்திருந்தார்கள். 2004 பிப்ரவரியில், 55 வயதில், அலுவலகத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

போலீஸ் அறிக்கையிலும் நீதிமன்றக் காகிதங்களிலும் ஒரு சமூகத்தின் அடிபட்ட நாட்கள்தான் பதிவாகும். மற்ற நாட்களைப் பதிவு செய்ய இப்படிப்பட்டவர்கள் வேண்டியிருக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்த வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இக்னாசியோ லொசானோ 1926 செப்டம்பர் 16 அன்று, மெக்சிக சுதந்திர தினத்தில் தொடங்கிய லா ஒப்பினியோன் இந்த நகரத்துப் பத்திரிகைதான். 1931 பிப்ரவரியில் அதிகாரிகள் நகரின் பழைய சதுக்கமான லா பிளாசிட்டாவைச் சூழ்ந்துகொண்டு சுமார் 400 பேரைப் பிடித்துவைத்து விசாரித்தார்கள். மெக்சிக வம்சாவளியினரை நாட்டைவிட்டு அனுப்பிய அந்தக் காலத்து வெளியேற்றங்களில் அமெரிக்கக் குடிமக்களும் சேர்த்தே அனுப்பப்பட்டார்கள். அதற்குக் கலிபோர்னியா மாநிலம் சட்டப்படி மன்னிப்புக் கேட்க எழுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அன்றைக்கே அந்த மக்களின் மொழியில் செய்தி போட்டவர்கள் இருந்ததால்தான் பிற்பாடு ஆராய்ந்தவர்களுக்குப் புரட்டிப் பார்க்க ஏதோ இருந்தது.

இன்றைய நிலைமை எனக்குக் கவலையாக இருக்கிறது. 2023இல் டைம்ஸ் லத்தீனோ வாசகர்களுக்காக 'டி லோஸ்' என்ற தனிப்பகுதி தொடங்கியது. 2024 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வேலையை விட்டு அனுப்பியபோது அந்தப் பகுதியிலும் ஆட்கள் போனார்கள். இவ்வளவு லத்தீனோக்கள் வாழும் மாவட்டத்தில் இது நடக்கிறது. தெருவில் என்ன நடக்கிறது என்று எழுத அந்தத் தெருவில் வளர்ந்த ஒருவர் சம்பளத்தில் இருக்க வேண்டும். பெரிய கலவரம் நடந்தால் எங்கிருந்தாவது பத்து நிருபர்கள் வந்து இறங்குவார்கள். மற்ற நாட்களில் யார் வருவார்கள்?

உங்களிடம் ஒரு கோரிக்கை. முதல் கட்டுரையின் தொடர்ச்சியாக, சலசார் 1970இல் எழுதிய வாரப் பத்திகளில் ஒன்றிரண்டையாவது முறைப்படி அனுமதி பெற்று மொழிபெயர்த்து வெளியிடுங்கள். முடிந்தால் ராமோஸின் 1983 கட்டுரையும், மகனைப் பற்றி டெல் ஓல்மோ எழுதிய பத்திகளில் ஒன்றும் சேரட்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் நூலகத்தில் சிகானோ (மெக்சிக அமெரிக்கர்) வரலாற்றுக்கென்று 1976இலிருந்து ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. எனக்கு அது காரில் போய்வரும் தூரம்தான். பழைய பிரதிகளைத் தேடி எடுப்பதையும், உரிமை கேட்டுக் கடிதம் எழுதுவதையும் நானே செய்து தருகிறேன். எந்தப் பத்திகள் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
ஆர்ட்டீசியா, கலிபோர்னியா