பொழுது கெளம்பறதைப் பாக்கப் போனது

சிஞ்சு, தைவான்
பங்குனி 20

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்க பேரன் எழுதிக்கறது. நான் இங்க நல்லா இருக்கறனுங்க. அங்க நீங்க, அம்மிச்சி, மாமன், அத்தை, மாடு கன்னு எல்லாம் சௌக்கியமுங்களா? போன்ல பேசுனா உங்களுக்குப் பாதி காதுல விழுகறதில்லை, மீதியை மாமன் சுருக்கிச் சொல்லிப் போடறாரு. இந்த விசயத்தைச் சுருக்க எனக்கு மனசு வரலைங்க. அதனாலதான் கடுதாசி. பாப்பாவைப் பக்கத்துல உக்கார வெச்சு மெதுவாப் படிக்கச் சொல்லுங்க.

வேலை, சாப்பாடு பத்தியெல்லாம் அம்மா சொல்லியிருப்பாங்க. அரிசிச் சோறு கெடைக்குது, சமைச்சுக்கறேன். தயிருக்குத்தான் அலைய வேண்டியிருக்குது. ஊருக்குள்ள எங்க பாத்தாலும் ஸ்கூட்டர், நம்ம காந்திபுரத்தை விட எச்சு. அது கெடக்கட்டுங்க.

போன வாரம் ரெண்டு நாள் லீவுல அலிஷான்னு ஒரு மலைக்குப் போயிருந்தனுங்க. பொழுது கெளம்பறதைப் பாக்கறதுக்குன்னே சனம் அங்க போகுது. கீழ சியாயின்னு ஒரு டவுன். அங்கிருந்து மேல போக ஒரு குட்டி ரயில். நம்ம மேட்டுப்பாளையம் வண்டியைப் பாத்த மாதிரியே இருந்துச்சுங்க, ஆனா இன்னும் ஒல்லி. நம்முளுது ஒரு மீட்டர் தண்டவாளம், இது ரெண்டரை அடிதான். ஜப்பான்காரங்க இந்த ஊரை ஆண்டப்ப, மலை மேல இருந்து மரத்தை வெட்டிக் கீழ கொண்டாரப் போட்ட பாதை. 1912ல வண்டி ஓட ஆரம்பிச்சுதாம். ஊட்டிக்கு 1908ல வண்டி போச்சுன்னு நீங்க சொல்லுவீங்களே, அதுக்கு நாலு வருசம் பொறவு. உசரமும் கிட்டத்தட்ட ஊட்டி அளவுதான், 2,216 மீட்டர்.

நம்ம வண்டி கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தைக் கடிச்சுக் கடிச்சு ஏறுமல்லங்க, இதுக்குப் பல்லே கெடையாது. அதுக்குப் பதிலா ஒரே மலையை மூணு சுத்து சுத்தி ஏறுது. ஜன்னல் வழியாக் குனிஞ்சா சித்தெ முன்னால தாண்டி வந்த ஸ்டேசன் கீழ தெரியுது, இன்னொரு சுத்து போனா அதே ஸ்டேசன் இன்னும் கீழ. அதுக்கும் மேல போனா சுத்தறதுக்கு எடமில்லை. வண்டி முன்னால போய் நிக்கும், தடம் மாத்துவாங்க, அப்படியே பின்னால ஏறும், மறுபடி நிக்கும், மறுபடி முன்னால. 'வண்டி சுவத்துல முட்டுது'ன்னு இந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. 2009ல அடிச்ச புயல்ல பாதை பேந்து போயி, மறுபடியும் அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் வண்டி முழுசா ஓடுனது 2024லதானாம். மழைக்கு மண்ணு சரிஞ்சு ஊட்டி வண்டி நிக்கறப்ப நீங்க ஒவ்வொரு தடவையும் வருத்தப்படுவீங்களே, எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு.

மேல ராத்திரி தங்குனோம். பொழுது பாக்கற எடத்துக்கு அங்கிருந்து தனியா ஒரு வண்டி, கோழி கூப்பிடற நேரத்துக்கு. நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி, எத்தனை மணிக்குப் பொழுது கெளம்பும்னு மொத நாளே எழுதி வெச்சர்றாங்க. மூணரைக்கே எந்திரிச்சுட்டனுங்க. வெளிய வந்தா வாயில இருந்து பொகை பொகையா வருது. வண்டியில என் பக்கத்துல ஒரு வயசான அம்மா, கூட ரெண்டு பேரப் பசங்க. பசங்க 'அமா, அமா'ன்னு கூப்பிட, நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். இந்த ஊர்ப் பேச்சுல அமான்னா பாட்டியாமுங்க. தாத்தாவுக்கு 'அகோங்'.

அரை மணி நேரத்துல சூஷான்னு ஒரு ஸ்டேசன், 2,451 மீட்டர், இந்தத் தேசத்துலயே உசரமான ரயில் ஸ்டேசன். எறங்கி நாலு எட்டு வெச்சா திண்ணை மாதிரி பெரிய மேடை. எதுக்கால யூஷான்னு ஒரு மலைத்தொடர், 3,952 மீட்டர். இங்கதானுங்க ஒரு விசேசம். வெளிச்சம் முதல்லயே வந்துருது, பொழுது வர்றதில்லை. அத்தனை பெரிய மலை செவுராட்டம் நிக்கறதால, அதைத் தாண்டித்தான் மூஞ்சி காட்டணும். அதனால ஊரே விடிஞ்சு பறவையெல்லாம் கத்துன பொறகும் சனம் கண்ணு சிமிட்டாம அந்தத் திக்கையே பாத்துட்டு நிக்குது.

குளுர் எலும்புக்குள்ள போச்சு. அம்மா குடுத்துவிட்ட போர்வையை எடுத்து, நீங்க மடிச்ச மாதிரியே ஒரு மூலையை உள்ள தள்ளி, கொங்காடையாட்டம் தலையில மாட்டிக்கிட்டனுங்க. அந்த அமா என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு, தன்னோட சின்னப் பேரனுக்கும் துண்டை அப்படியே மடிச்சுப் போட வந்தாங்க. மடிப்பு வரலை. நான் எடுத்து மடிச்சுக் குடுத்தேன். சோயாப் பாலு சூடா ஒரு டம்ளர் வாங்கி எங்கையில வெச்சாங்க.

ஆறு மணி பத்து நிமிசத்துக்குன்னு போட்டிருந்தாங்க. ஆறு மணிக்கு அந்தப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்துச்சுங்க. வேகமாகூட வரலை, யாரோ பாயை விரிக்கற மாதிரி மெதுவா வந்து மலையை மூடிருச்சு. பத்து நிமிசம் ஆச்சு, கால் மணி ஆச்சு. ஒண்ணும் தெரியலை. சனம் ஒவ்வொருத்தராத் திரும்பி வண்டிக்கு நடந்தாங்க. என் கூட வந்த பசங்களும் வாடா போலாம்னாங்க. அமாவும் பேரனுகளைக் கூட்டிட்டுக் கெளம்பீட்டாங்க.

நான் போகலைங்க. உங்களாலதான் போகலை.

நான் பத்தாவது பரிச்சை எழுதுன வருசம், சித்திரையில, வெள்ளியங்கிரி போனமே, நெனப்பிருக்குதுங்களா? பூண்டியில மூங்கில் தடி வாங்கி ராத்திரியெல்லாம் நடந்து, ஆண்டி சுனையில முங்கி எனக்குப் பல்லு கிட்டிப் போச்சு. ஏழாவது மலையில சாமி கும்பிட்டுப் பாத்தா எட்டுத் திக்கும் மூட்டம். நம்ம கூட வந்தவங்க எல்லாம் எறங்கீட்டாங்க. நானும் போலாங்க அப்புச்சின்னேன். உங்க கம்பளியை எடுத்து எனக்குக் கொங்காடை போட்டு, "பொழுது எங்க போயிரும்? சித்தெ உக்காரு"ன்னீங்க. உக்காந்தோம். அன்னைக்கு நான் பாத்தது, அந்த வயசுல எனக்கு முழுசா வெளங்கலைங்க. கண்ணுக்குள்ள மட்டும் இருந்துச்சு.

இங்கயும் அப்படியே உக்காந்துட்டனுங்க. மேடை காலியாயிருச்சு. ஆறே முக்கால் இருக்கும், காத்து ஒரு தரம் திரும்புச்சு. மூட்டம் மேல போகலைங்க, கீழ எறங்குச்சு. எறங்கிப் பள்ளத்துல தங்கிருச்சு. ஜின்னிங் பேக்டரி களத்துல பஞ்சைக் கொட்டிக் குமிச்ச மாதிரி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மேகம். அதுக்கு மேல கருகருன்னு மலை வரிசை. அந்த வரிசைக்கு மேல ஒரு சாண் உசரத்துல பொழுது. கெளம்பறதை நான் பாக்கலை, கெளம்பி நின்னதைத்தான் பாத்தேன். பஞ்சு மேல வெளிச்சம் ஓடிவந்து என் செருப்பு வரைக்கும் வந்துச்சுங்க. கையெடுத்துக் கும்பிட்டேன். நம்மூர்ல அப்ப மணி நாலேகால். நீங்க எந்திரிச்சு மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு இருந்திருப்பீங்க. அழுகை வந்துருச்சுங்க அப்புச்சி.

வண்டி போயிருச்சு, நடந்தே எறங்குனேன். தடம் நெடுக பெரிய பெரிய மரம். வெட்டிக் கொண்டு போனதுபோக மிச்சம், ஆயிரம் வருசத்துக்கும் மேல வயசான மரமெல்லாம் இருக்குது. வெட்டுன அடிக்கட்டையையும் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் நம்ம கெணத்து மேட்டு அகலம். கீழ ஒரு மரம் காட்டுனாங்க. செத்த மரத்து மேல ஒரு மரம் மொளைச்சு, அதுவும் பட்டு, அதுக்குள்ள இருந்து மூணாவது தழைச்சு நிக்குது. ரொம்ப நேரம் அதுகிட்ட நின்னனுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். முட்டி தேய்ஞ்சதுல இருந்து நீங்க மலை ஏறலை. அட்டாலியில சொருகி வெச்ச ஒம்பது தடியையும் அண்ணாந்து பாத்துட்டே உக்காந்திருக்கீங்கன்னு அம்மிச்சி சொன்னாங்க. இந்த மலைக்கு ஏற வேண்டியதே இல்லைங்க. ரயிலே உச்சியில கொண்டுபோய் விடுது. எறங்கி நாலு எட்டு, அதுக்கும் நான் கையைப் புடிச்சுக்கறேன். மூட்டம் வந்தா கடைசி வண்டி வரைக்கும் உக்காந்துக்கலாம்.

பாஸ்போர்ட்டுக்கு மாமன்கிட்டச் சொல்லிப்போட்டேன், கோயமுத்தூர் வரைக்கும் ஒரு நாள் போனாப் போதும். கறிவேப்பிலை அறுப்பு இருக்குதுன்னு தள்ளிப் போடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில வானம் நல்லா இருக்குமாம், அதுக்குத் தோதா டிக்கெட் போடறேன். இதோட அந்த மலைத் தேயிலை ஒரு பொட்டணம் வெச்சிருக்கேன். சுடுதண்ணியில போட்டு அப்படியே குடிங்க, பால் ஊத்தீராதீங்க.

வரும்போது அந்தப் பழைய கம்பளியை எடுத்துட்டு வாங்க. என்னோட போர்வையில மடிப்பு நிக்க மாட்டேங்குது.

இப்படிக்கு,
உங்க பேரன்