பாதிப் பாதி பிரித்தால் இரண்டுக்குமே போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பலருக்கும் இந்த யோசனை வந்திருக்கும். நல்ல நேரத்தில்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால், ‘டிஸ்கைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டால் போதும், ஒன்று மற்றொன்றின் வழிக்குப் போகாது’ என்று அதில் ஒரு வரி வருகிறது. பெரிய டிஸ்க் உள்ள கணினிக்கு அந்த வரியின் முன்பாதி சரி. 11 அங்குலத் திரையும் 64 ஜிபி சேமிப்பும் உள்ள சின்ன லேப்டாப்புக்கு அதுவும் பொருந்தாது. பின்பாதியோ எந்தக் கணினிக்கும் பொருந்தாது.

நான் வீட்டிலிருந்தே தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்பவள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றைத் திறக்க நான் வைத்திருக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மற்ற வேலைக்கெல்லாம் எனக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினி, போட்டு லினக்ஸை ஓட்டலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம். அதை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் இரண்டு பேருமே பட்டினி. டூயல் பூட், அதாவது இரண்டையும் வைத்துக்கொண்டு ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், ரேம் முழுவதும் அதற்கே. ஆகவே டூயல் பூட்டே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இடக் கணக்கைத்தான் சொல்ல வருகிறேன்.

பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருப்பது விண்டோஸில் 58, 59 ஜிபியாகத்தான் தெரியும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. லினக்ஸ் மின்ட் கேட்பது 20 ஜிபி, தாராளமாக இருக்க 100. பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 29. போட்ட அன்றைக்கு இரண்டுமே அழகாக ஓடும். விண்டோஸுக்கு ஒரு பெரிய அப்டேட் வரட்டும், அப்போது தெரியும். பழைய பதிப்பை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் அது புதியதை விரிக்கும், அதற்குப் பல ஜிபி காலியாக இருக்க வேண்டும். 29-க்குள் அது எங்கே கிடைக்கப்போகிறது? பாதியில் நிற்கும், மறுபடி இறங்கும், மறுபடி நிற்கும். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகித் தற்காலிகமாக இடம் கொடுக்கலாம்தான். ஒவ்வொரு முறையும் செய்கிற காரியமா அது? பெரிய டிஸ்காக மாற்றிவிடலாம் என்றால், இந்த வகை லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் சேமிப்பு என்பது மதர்போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி சிப். கழற்ற முடியாது.

அதனால் நான் உள்ளே இருப்பதை முழுக்க விண்டோஸுக்கே விட்டுவிட்டு, லினக்ஸை யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகும் வேகமான வெளி டிஸ்கான ஒரு எஸ்எஸ்டியில் வைத்திருக்கிறேன். சாதாரண பென் டிரைவில் போடாதீர்கள். சின்னச் சின்னக் கோப்புகளை ஓயாமல் எழுதுகிற வேகம் அதற்குக் கிடையாது, பிரவுசரைத் திறந்தாலே இழுத்துக்கொண்டு நிற்கும். இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் பூட்லோடரை வெளி டிஸ்கில் போடு என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த நிறுவிகள் சில அதை உள் டிஸ்கில் கிளப்பும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகிர்விலேயே கொண்டுபோய் வைத்துவிடும். அப்புறம் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் வராது. கருப்புத் திரையில், லினக்ஸ் பூட்லோடரின் பெயரான ‘க்ரப்’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டாம். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், எது முதலில் கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்துக்கு நகர்த்தினால் போதும்.

சரி, ஒன்று மற்றொன்றின் வழிக்குப் போகாது என்ற பேச்சுக்கு வருகிறேன். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காகக் தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க விடும், எழுத விடாது. வற்புறுத்தி எழுத வைத்தால் கோப்புகள் கெட்டுப்போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிட வேண்டும். ஹைபர்னேட்டையே நிறுத்திவிட்டால் அந்த நிலையை எழுதி வைக்கும் கோப்பு பிடித்திருந்த ஒன்றிரண்டு ஜிபியும் திரும்பக் கிடைக்கும். சின்ன டிஸ்கில் அது சும்மா இல்லை. கடிகாரச் சண்டை வேறு: கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கும், மாறி மாறிப் போகும்போது மணி தப்பும். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதெல்லாம் தொந்தரவு, அவ்வளவுதான். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் போட்டிருந்த டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் கிளம்பவே மறுத்தது. அந்தச் செய்தி தெரிந்தவர்கள் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

கட்டுரையில் சொல்லாமல் விட்டதில் எனக்குப் பெரிதாகப் படுவது, டிஸ்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் என்க்ரிப்ஷன். புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். யாரும் நம்மைக் கேட்பதில்லை. லினக்ஸ் போடுவதற்காக செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு மறுபடி விண்டோஸுக்கு வந்தால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் போனதுதான். எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் அந்த எண்ணைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரப் பகுதிவரை காத்திருக்காமல், இந்த ஒரு விஷயத்தையாவது நாளைய இதழிலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் வேலையைத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி