தாருக்கு ஒன்று, கல்லுக்கு இரண்டு, தள்ளுறதுக்கு நாலு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் தேயிலை மலைகளுக்குள்ளே போகிறது. அது வந்த பிறகு நடப்பவர்களைப் பார்த்துச் சைக்கிள்காரர்களும் தோட்டப் பாதைகளுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அப்புத்தளையில் 32 வருடமாகச் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஆனால் வருகிறவர்கள் நாளைத் திட்டமிடும் விதத்தைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன டிசம்பர் விடுமுறையில் ஓர் இரவு எட்டரை மணிக்குக் கடைக் கதவைத் தட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த நான்கு தம்பிமார். விடிய வெளிக்கிட்டு 70 கிலோமீற்றர் சுற்றி மாலை நாலு மணிக்கே திரும்பிவிடலாம் என்று போனில் வரைபடம் பார்த்துப் போட்ட திட்டம். வரைபடத்தில் பாதை என்று ஒரு கோடு இருந்திருக்கிறது. அந்தக் கோடு, கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் ஏறி இறங்கும் படிக்கட்டு. கால் வைக்கவே ஒரு அடி அகலம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கியிருக்கிறார்கள். ஒரு தம்பி கானுக்குள், அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலுக்குள் விழுந்து, பின்கியர் தொங்கும் காது வளைந்து, செயின் ஆரக்கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. நான்கு பேரின் கால்களிலும் அட்டை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அம்மா, அட்டைக்கு உப்புத் தண்ணீர் தந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தன் மகனை டோர்ச்சோடு ரோட்டு வரைக்கும் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அந்தத் தம்பிமார் பலசாலிகள். சைக்கிள்களும் நல்ல சைக்கிள்கள். கணக்குத்தான் பிழைத்தது.

என் அப்பா தோட்டத்தில் தபால்காரர். ஒவ்வொரு நாளும் டவுனுக்கு வந்து தபால் பை எடுத்துக்கொண்டு திரும்புவார். கியர் இல்லாத பெரிய சைக்கிள். அவர் தூரத்தை மைலில் சொன்னதே இல்லை. "தாருக்கு ஒன்று, கல்லுக்கு இரண்டு, தள்ளுறதுக்கு நாலு" என்பார். நல்ல தார் ரோட்டில் ஒரு மைலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, கல் பாதையில் அதைப்போல் இரண்டு மடங்கு, இறங்கித் தள்ளும் ஏற்றத்தில் நாலு மடங்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைவிட நல்ல கணக்கை நான் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பாதையிலேயே போட்டுக் காட்டுகிறேன். அப்புத்தளை டவுனிலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலைக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய ஸ்டோர் அது. ரோடு ஒடுக்கம்தான், ஆனால் தார். மலையின் இடுப்பைச் சுற்றிப் போவதால் பெரிய ஏற்றம் இல்லை. தாரில் கிலோமீற்றருக்கு நாலு நிமிடம் வைத்தால் 40 நிமிடம். ஸ்டோரிலிருந்து, மலை உச்சியில் நின்று பார்க்கும் இடமான லிப்டன் சீட்டுக்கு 7 கிலோமீற்றர். அங்கேதான் கணக்கு மாறும். தார் பெயர்ந்த இடம், சில்லுக் கல், செங்குத்து வளைவு எல்லாம் மாறி மாறி வரும். அதில் மூன்று கிலோமீற்றரைக் கல் என்று வைத்தால் 24 நிமிடம். மற்ற நாலும் தள்ளுவது என்றால் 64 நிமிடம். கொழுப்பு இல்லாத இளம் கால்கள் தள்ளாமலே மிதித்துவிடும், சரி, ஆனால் திட்டம் போடும்போது தள்ளுவதாகவே போடுங்கள். ஆக, 10 கிலோமீற்றருக்கு 40 நிமிடம், அடுத்த 7 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம். வரைபடம் இதைச் சொல்லாது.

அதனால் அதிகாலை 5.45க்கு விளக்கோடு வெளிக்கிட வேண்டும். எட்டு, எட்டேகாலுக்கு மேலே நிற்கலாம். ஏன் இந்த அவசரம் என்றால், பத்து மணி ஆகும்போது கீழே பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். முகில் இல்லாத காலையில் உடவளவைக் குளம் வரைக்கும் தெரியும். பிந்திப் போனால் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியாது. மேலே சின்னக் கடையில் சூடாக ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும். அங்கே அரை மணித்தியாலம் இருங்கள், உடம்பு ஆறட்டும்.

பிறகு வந்த வழியாலேயே திரும்புங்கள். எல்லாரும் வளையமாகச் சுற்றிவர ஆசைப்படுகிறார்கள். போன பாதையில் திரும்புவது நட்டம் இல்லை. எந்த வளைவில் கல் சரிந்து கிடக்கிறது, எந்தக் கான் ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது, எந்த இடத்தில் கொங்கிறீட்டில் பாசி பிடித்திருக்கிறது என்று உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஏறும்போது முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு மிதித்தவருக்கு இறங்கும்போதுதான் மலை தெரியும். டவுனுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் மிச்சம் இருந்தால் அடிஷாம் பங்களாவுக்குப் போகலாம். மூன்று கிலோமீற்றர்தான். அதற்கு அப்பால் தங்கமலைக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அது நடப்பவர்களுக்கும் பறவைகளுக்கும் உரிய இடம். எல்லாம் சேர்த்து 40 கிலோமீற்றர். ஒரு முழு நாளுக்கு அது போதும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு மெக்கானிக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கடைக்கு வரும் வேலையில் பாதி, இறக்கத்தில் கெட்டுப்போனதுதான். ஈரமான பாதையில் மணல் பறந்து பிரேக் கட்டையில் ஏறிவிடும். கட்டையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால், ரப்பருக்குள் கண்ணாடித் தூள்போலச் சின்னச் சின்னக் கல் மின்னும். அது ரிம்மைச் சுரண்டும்போது 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். ஒரு குண்டூசியால் கல்லைக் கிண்டி எடுக்க இரண்டு நிமிடம் போதும். எடுக்காமல் விட்டால் ரிம் போய்விடும். ஒரே பிடியாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டும் இறங்காதீர்கள். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று சூடு ஆறவிடுங்கள். காற்று விஷயமும் இருக்கிறது. தாரில் ஓடும் அளவுக்குக் கல்லிலும் இறுக்கி அடித்தால் சக்கரம் துள்ளும், கை உளையும். கல் பாதைக்கு முன் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பெருவிரலால் அழுத்தினால் ரயர் சற்று அமுங்க வேண்டும், ரிம்மில் இடிக்கக் கூடாது. திரும்பித் தாருக்கு வந்ததும் அடித்துக்கொள்ள ஒரு கைப்பம்பு வேண்டும். உதிரி டியூப் இரண்டு, மழைச்சட்டை, ஒரு பொட்டலம் உப்பு. இதற்கு மேல் சுமக்க வேண்டாம்.

மாதமும் முக்கியம். ஆடிக் காற்றில் அப்புத்தளை முகட்டில் சைக்கிள் நேராக நிற்காது. ஊவாத் தேயிலைக்கு ருசி ஏறும் காலம் அது, சைக்கிளுக்கு ஆகாது. மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாங்கள் மறக்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் அந்தப் பக்கம்தான். மழை தொடர்ந்து பெய்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் எந்தத் தோட்டப் பாதைக்கும் போகாதீர்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும், ரோட்டோரம் புதிதாக வெடிப்பு ஓடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வந்து ஊரில் யாரிடமாவது சொல்லுங்கள்.

இன்னொன்று. இவை சுற்றுலாவுக்காகப் போட்ட பாதைகள் இல்லை. காலையில் பெரட்டு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டம், முடிந்து பெண்கள் மலைக்குப் போகும் பாதை, நடுப்பகலிலும் பின்னேரமும் கொழுந்து நிறுக்கும் பாதை. தராசுக்கு முன்னால் சாக்கோடு வரிசையில் நிற்கிறவர்கள் நடுவே மணி அடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என் அம்மா அந்த வரிசையில் நின்றவர். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "அக்கா, வழி விடுவீங்களா" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே விலகுவார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்க வேண்டாம். அவர்களிடம் பேசினால் உங்களுக்கும் லாபம்தான். மேலே ரோடு எப்படி, நேற்று மழை எவ்வளவு, லொறி எப்போது வரும் என்பதெல்லாம் வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கொழும்புத் தம்பிமார் வழியில் ஒரே ஒருவரிடம் கேட்டிருந்தால், "தம்பி, அது படிக்கட்டு" என்று சொல்லியிருப்பார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் மலையகப் பயணக் கட்டுரைகள் போடுகிறீர்கள். அடுத்த முறை சைக்கிள் பாதை பற்றிப் போடும்போது எத்தனை கிலோமீற்றர் என்பதோடு, அதில் எவ்வளவு தார், எவ்வளவு கல், எவ்வளவு ஏற்றம் என்றும் போடுங்கள். அந்தந்தத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் போடுங்கள். வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. லயத்துப் பிள்ளைகள் பலரிடம் இப்போது சைக்கிள் இருக்கிறது. ஆனால் லிப்டன் சீட்டுக்கு வெள்ளைக்காரர் போவதைப் பார்க்கிறார்களே தவிர, தாங்கள் ஒரு நாள் பொழுதுபோக்காகப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தமிழில் ஒழுங்காக ஒரு பாதைக் குறிப்பு கிடைத்தால் அவர்களும் போவார்கள்.

வரும் மாசியில் ஒரு சனிக்கிழமை என் பேத்தியையும் அவளோடு படிக்கும் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அவளுக்கு 14 வயது. அப்பாவின் கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதி, நிற்கும் இடங்களைத் தானே குறித்து வைத்திருக்கிறாள். கடையை அன்று ஐந்து மணிக்கே திறப்பேன். காற்று அடிக்க வேண்டியவர்கள் வரலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
அப்புத்தளை.